பதினேழரை கன அடி

டேப்பை மடித்து வை, தம்பி. அளப்பதற்கு இங்கே ஒன்றும் இல்லை. எல்லாம் நானே அளந்தாயிற்று. நீளம் பன்னிரண்டு அடி, அகலம் எட்டு. நாலு மூலையிலும் முளைக்குச்சி தெரிகிறதா? நான் அடித்தது. கயிறு நான் கட்டியது. முதலில் கட்டிய கயிறு இற்றுப்போய், வேறு கட்டி, அதுவும் இற்றுப்போய், இது புதுக் கயிறு. வடக்கு மூலைக் குச்சியில் இலை விட்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. பூவரசங்குச்சி. தை மாதம் அடித்தது. தண்ணீர் பட்டால் எதுவும் துளிர்க்கும்.

பெயர் என்ன சொன்னாய்? இசக்கிமுத்து. சரி, உட்கார். அந்தப் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுக்கொள். அந்தப் பக்கெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது, பின்னால் வருகிறேன். சுவரில் இருக்கிற ஓட்டையை இப்போது பார்க்காதே. அதற்கும் வருவேன். எதையும் வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். ஒரு போல்ட், ஒரு நட் என்னைத் தாண்டி வெளியே போனதில்லை. மேனேஜரிடமே கேட் பாஸ் கேட்டிருக்கிறேன். ரிட்டயரான அன்று ஒருத்தன்கூட மாலை வாங்கி வரவில்லை. ஏன்? நான் இருந்த வரைக்கும் எவனாலும் திருட முடியவில்லை. அந்தக் கோபம்.

விஷயம் சின்னது. என் வீட்டுக்காரி, ஆவுடையம்மாள், போன ஐப்பசி மழையில் கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடிவந்து இந்தச் சேற்றில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன். பிளேட் வைத்தார்கள். அந்த டாக்டருக்கு இன்னும் மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. அவன் சொன்னான்: "அம்மா தினமும் நடக்கணும். சமதரையில, வெயில் படுற மாதிரி. நடக்கலைன்னா கால் படுத்துரும். கால் படுத்தா ஆளும் படுத்துருவாங்க." இதைச் சொல்வதற்கு ஒரு ஃபீஸ்.

எங்கே நடப்பாள்? முன்வாசலில் இறங்கினால் சாக்கடை மேல் பலகைக்கல், அதைத் தாண்டினால் மினிபஸ். வீட்டுக்குள் அறைக்கு அறை நிலைப்படி. ஆக, புறவாசலில் ஒரு கான்கிரீட் தளம். சின்னது. கம்பை ஊன்றி அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வர. ஓரமாக இரண்டு நாற்காலி. போட்டுவிடுவோம் என்று முதலில் சொன்னது நான்தான். அதை நன்றாகக் கேட்டுக்கொள். சொன்னது நான்.

முதலில் வந்தவன் ஒரு இன்ஜினியர். போனில் என்னவோ தட்டினான். "சதுர அடிக்கு இவ்வளவு, லேபர் மெட்டீரியல் எல்லாம் சேர்த்து" என்றான். சதுர அடிக்கு! "தளத்துக்குக் கனம்னு ஒண்ணு உண்டா கிடையாதா? இது என்ன வேட்டியா, நீளம் அகலம் மட்டும் பாத்துக் கிழிச்சுக் கொடுக்க?" என்று கேட்டேன். மணல் எவ்வளவு, ஜல்லி எவ்வளவு, சித்தாள் எத்தனை, தனித்தனியாகச் சொல் என்றேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் அங்கிள்" என்றான். அங்கிள்! தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

அப்புறம் நானே இறங்கினேன். கிரஷருக்குப் போய் ஜல்லி விலை கேட்டேன். டிராக்டர்காரனிடம் வாடகை கேட்டேன். சிமெண்ட் கடையில் தினமும் காலையில் போய் உட்கார்ந்திருப்பேன். கடைக்காரன் முதலில் டீ சொன்னான், அப்புறம் டீயை நிறுத்தினான், அப்புறம் ஸ்டூலை உள்ளே எடுத்துவைத்துவிட்டான். நான் நின்றுகொண்டே விலை கேட்டேன். மாசியில் சிமெண்ட் இறங்கும் என்று பேச்சு. பங்குனியில் ஏறியது. ஏறினது இறங்கித்தானே ஆகவேண்டும்? காத்திருக்கத் தெரியாதவன்தான் ஏமாறுவான்.

அந்த நாளில் ஆவுடை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். காலையில் கொஞ்சம், சாயந்திரம் கொஞ்சம். பிறகு சாயந்திரத்தை விட்டுவிட்டாள். "கால் கனக்குதுங்க. சட்டுனு போட்டுரலாமே" என்பாள். சிமெண்ட் இறங்கட்டும் என்பேன். அவளும் வேறொன்றும் கேட்கமாட்டாள். அப்படிப்பட்டவளாகத்தான் இருந்தாள்.

சித்திரையில் வந்தவன் செல்லச்சாமி. கழுகுமலைப் பக்கம், உனக்குத் தெரிந்திருக்கும். கையில் தங்கக் காப்பு. கொத்தனாருக்குத் தங்கக் காப்பு எங்கிருந்து வரும்? அப்போதே புரிந்துகொண்டேன். ஆனால் அவன் நான் கேட்டபடி பிரித்துச் சொன்னான். நாலு அங்குலக் கனம். நான் இரண்டு அங்குலம் போதும் என்றேன். "ரெண்டு இஞ்சுல ஊத்தினா அது தோசை அண்ணாச்சி. மதினி நடந்தா பிஞ்சிரும்" என்றான். பேச்சைப் பார். சரி, நாலு அங்குலம். சிமெண்ட் ஆறு மூட்டை, எம்சாண்ட் மணல் பதினாலு கன அடி, ஜல்லி இருபத்தெட்டு கன அடி.

இப்போது நீயே கணக்குப் போடு. பன்னிரண்டு, எட்டு, நாலு அங்குலம். எவ்வளவு? முப்பத்திரண்டு கன அடி. பத்துப் பைசா ஏறாது, இறங்காது. அவன் கேட்டது? சிமெண்ட் மூட்டை ஒன்றேகால் கன அடி, ஆறு மூட்டைக்கு ஏழரை. அதோடு பதினாலு, இருபத்தெட்டு. நாற்பத்தொன்பதரை. முப்பத்திரண்டு கன அடி நிற்கிற இடத்துக்கு நாற்பத்தொன்பதரை கன அடி சாமான். மிச்சம் பதினேழரை எங்கே போகிறது? "எங்கே போகுது செல்லச்சாமி? என் தளத்துக்கா, உன் காப்புக்கா?"

இருபது வருஷம் ஸ்டோரில் நான் கேட்ட அதே கேள்வி. இதைக் கேட்டால் எவனாக இருந்தாலும் வேர்க்க வேண்டும். இவனுக்கு வேர்க்கவில்லை. "மணல் ஜல்லி இடுக்குக்குள்ள போயிரும் அண்ணாச்சி, சிமெண்ட் மணல் இடுக்குக்குள்ள போயிரும். எல்லாம் சேந்தா சுருங்கிரும்" என்றான். எப்படி இருக்கிறது பார். வாங்கின சரக்கு ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ளுமாம்.

அப்போதுதான் ஆவுடை வாய் திறந்தாள். அடுக்களை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "அவர் சொல்றது சரிதாங்க. ஒரு படி கொண்டக்கடலையில ஒரு படி ரவையக் கொட்டினா ரெண்டு படியா வரும்?" என்றாள்.

நான் சொன்னேன், "நீ சும்மா இரு. இது கான்கிரீட்டு. உப்புமா இல்லை."

அவள் சும்மா இருக்கவில்லை. நிலையை விட்டு, சுவரைப் பிடித்து, உள்ளே போய் அரிசிப் படியைக் கொண்டுவந்து செல்லச்சாமி கையில் கொடுத்தாள். வீடு கட்டும்போது மிஞ்சின ஜல்லியும் மணலும் அந்த மூலையில் கிடந்தது. ஜல்லி இரண்டு படி அளந்து பக்கெட்டில் போட்டான். இதே பக்கெட். மணல் ஒரு படி. நான்தான் தலைதட்டினேன், அவனை நம்பாமல். மொத்தம் மூன்று படி, சரியா? பக்கெட்டை இரண்டு குலுக்குக் குலுக்கினான். திரும்ப அளந்தான். இரண்டு படியும் ஒரு கையளவும் வந்தது.

குலுக்கினதால் வந்த கோளாறு என்றேன். குலுக்காமல் போடு என்றேன். "குலுக்காம, குத்தாம ஊத்தினா தளம் தேன்கூடு மாதிரி ஓட்ட ஓட்டயா நிக்கும் அண்ணாச்சி" என்றான். அப்படியானால் படியில் ஏதோ இருக்கிறது என்றேன். படி நசுங்கியிருக்கிறது, அடியைப் பார் என்றேன்.

அதற்கு அவள் சிரித்தாள்.

விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை, தம்பி. ஆஸ்பத்திரியில் பேரன் போனில் பாட்டுப் பாடினான், அதற்குச் சிரிக்கவில்லை. கட்டைப் பிரித்துக் கட்டும்போது அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. முதல் சிரிப்பு இதற்குத்தான். வாயைப் பொத்திக்கொண்டு, நிலையில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வர. ஒரு வேலைக்காரன் முன்னால். அவனும் சிரித்தான், காப்பு குலுங்க. நான் அவனை வெளியே போகச் சொன்னேன். படியை எடுத்துக்கொண்டு போய் ரேஷன் கடையில் சரிபார்த்தேன். படி சரியாகத்தான் இருந்தது. அதனால் என்ன? பக்கெட் சரியில்லை. நீ உட்கார்ந்திருக்கிறாயே, ஆடவில்லை? அடி கோணல்.

வெளியே போனவன் நேரே பஸ் ஏறினானா? இல்லை. பக்கத்து வீட்டு மாடக்கண்ணு வாசலில் நின்றான். மாடக்கண்ணு கண்டக்டராக இருந்து ரிட்டயரானவன். என்ன சத்தம் என்று கேட்டிருக்கிறான். இவன் சொல்லியிருக்கிறான். "நம்ம வீட்டுப் பின்னாடியும் சேறாத்தான் கிடக்கு. எவ்வளவு ஆகும்?" இவன் ஒரு தொகை சொல்ல, அவன், "சரி, திங்கக்கிழம ஆரம்பிச்சிரு." அவ்வளவுதான். கல்யாணப் பந்திக்கு இலை போடச் சொல்வதுபோல. காலமெல்லாம் டிக்கெட் கிழித்தவன். அவனிடம் எவனும் பேரம் பேசியதில்லை. பேரம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு மிச்சச் சில்லறைக்குக் காத்திருக்கிற ஜாதி.

ஊற்றின அன்று நான் இங்கேதான் இருந்தேன். சுவர் மேலே தலை தெரியாமல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எத்தனை சட்டி ஜல்லி உள்ளே போகிறது என்று கொட்டுகிற சத்தத்தை வைத்து எண்ணினேன். மிக்சர் சத்தத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. வேண்டுமென்றே அந்தச் சத்தமான மிக்சரைக் கொண்டுவந்திருக்கிறான். சாயந்திரம் ஈரம் காய்வதற்குள் ஒரு நாய் குறுக்கே நடந்து போனது. கோடியிலிருந்து கோடிவரை கால் தடம். எனக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம். மாடக்கண்ணு என்ன செய்தான் தெரியுமா? பூசி மூடச் சொல்லவில்லை. "இருக்கட்டும், அதுவும் இந்தத் தெருதானே" என்றானாம். காசு கொடுத்து வாங்கின தளத்தில் நாய்க்கால்!

இங்கிருந்தே பார், தம்பி. நீ தொழில்காரன். அவன் தளத்து மூலையில் கீறல் எதுவும் தெரிகிறதா? நன்றாகப் பார். தெரியவில்லையா? உனக்குக் கண்ணாடி போடவேண்டும். வெடிக்கும். இந்த வெயிலுக்கு வெடிக்கவில்லை, அடுத்த வெயிலுக்கு வெடிக்கும்.

தண்ணீர் கட்டி, காய்ந்து, எல்லாம் ஆன பிறகு மாடக்கண்ணு சுவருக்கு மேலே தலையை நீட்டினான். "அண்ணாச்சி, உங்க தளம் போடுற வரைக்கும் மதினி நம்ம வீட்டுல நடக்கட்டுமே. பிச்சம்மா சும்மாதான இருக்கா, கையப் பிடிச்சுக்குவா." பிச்சம்மாள் அவன் பெண்சாதி.

"வாடகை எவ்வளவு?" என்று கேட்டேன்.

"என்னது?"

"ஒரு மணி நேரத்துக்கு என்ன வாடகை? மொதல்ல அதச் சொல்லு."

சிரித்தான். பஸ்ஸில் சில்லறை இல்லாதவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "ஏறுங்க, பாத்துக்கலாம்" என்றான். நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன். ஆவுடை ஜன்னலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "சும்மா கொடுக்கறதையும் வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?" என்றாள். சும்மா கொடுக்கிற சாமான் எதுவும் ஸ்டோருக்குள் வராது என்று விளக்கினேன். சாம்பிள் என்று வரும், பின்னாலேயே பில் வரும். அவள் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு நடக்கவே இல்லை. அடுத்த நாளும் இல்லை. பிடிவாதம். அந்தக் கால் வீங்கித் தண்டுக்கீரைக் கட்டு மாதிரி ஆகிவிட்டது, அப்படியும் பிடிவாதம்.

ஆனி மாதம் பென்ஷன் விஷயமாக ராஜபாளையம் போனேன். போய்ச் சாயந்திரம் திரும்பி வருகிறேன், வீட்டில் ஆள் இல்லை. கட்டில் காலி. அடுக்களை காலி. புறவாசலுக்கு வந்தால், இதோ, நீ அப்போதிருந்து திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாயே, அந்த ஓட்டை. என் சுவர். என் காசில், என் நிலத்தில், மாடக்கண்ணு பாதிச் செலவு தருகிறேன் என்றும் வாங்காமல் நான் கட்டின சுவர். ஒரு ஆள் கம்போடு நுழைகிற அளவுக்குச் செங்கல்லை எடுத்துவிட்டு, ஓரமெல்லாம் பூசி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை பலகைக்கல் பாவி வைத்திருந்தது. அந்தப் பக்கம் பிச்சம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு இவள் நடந்துகொண்டிருக்கிறாள். அந்த நாய்க்கால் தடத்தை ஒவ்வொன்றாக மிதித்து, பாண்டி ஆடுகிற பிள்ளை மாதிரி.

"யார் உடைச்சது?"

"நான்தான் உடைக்கச் சொன்னேன். செல்லச்சாமி வந்திருந்தாரு."

"எவ்வளவு கொடுத்தே?"

"ஒண்ணும் வாங்க மாட்டேன்னுட்டாரு."

நீ ஒரு கொத்தனார். நீ சொல், ஒரு சுவரைச் சும்மா உடைத்து, சும்மா பூசி, சும்மா கல் பாவிக் கொடுப்பாயா? கூலி வாங்காதவன் வேறு எதையோ எடுத்துக்கொண்டான் என்று அர்த்தம். என்ன எடுத்தான் என்று வீடு முழுக்கத் தேடினேன். பித்தளைப் பாத்திரம் எல்லாம் இருந்தது. அவள் சங்கிலி கழுத்தில் இருந்தது. எதுவும் குறையவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கேட்டால், "ஒண்ணும் போகலைங்க, போய்த் தூங்குங்க" என்கிறாள்.

அன்றிலிருந்து தினமும் போகிறாள். காலையில் சோற்றை இறக்கி வைத்துவிட்டுப் போனால் வெயில் ஏறிய பிறகு வருவாள். சாயந்திரம் திரும்பவும். அங்கே பேச்சுச் சத்தம் கேட்கும். நாங்கள் கல்யாணம் முடித்து இத்தனை வருஷத்தில் அவளுக்குப் பேச இவ்வளவு விஷயம் இருந்தது எனக்குத் தெரியாது. எல்லாம் வெட்டிப் பேச்சு. கருவாடு, மருமகள், மாடக்கண்ணு எந்தக் காலத்திலோ பஸ்ஸில் இறக்கிவிட்ட குடிகாரன். சத்தமாகச் சிரிக்கிறார்கள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன்.

கவனமும் போய்விட்டது அவளுக்கு. முந்தாநாள் பார், கம்பை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். அவ்வளவு தூரம் வந்து அடுக்களைக்குள் நுழைந்து உலை வைத்த பிறகு நான்தான் கேட்டேன், "கம்பு எங்கே?" என்று. "அட, ஆமா" என்கிறாள். ரப்பர் அடி போட்ட நல்ல கம்பு. திருநெல்வேலியில் பேரம் பேசி வாங்கினது. அடுத்தவன் வீட்டில் போட்டுவிட்டு, ஞாபகமே இல்லாமல் வெறுங்கையோடு வந்து நிற்கிறாள். நேற்றும் அப்படித்தான். இன்று கம்பே இல்லாமல்தான் போனாள். இப்படி இருந்தால் வீட்டில் எந்தச் சாமான் தங்கும்?

அதனால்தான் உன்னைக் கூப்பிட்டேன்.

இல்லை, தளம் இல்லை. அதற்கு எழுந்து அளக்க வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேனே. இந்த ஓட்டை. அகலம் இரண்டரை அடி, உயரம் ஐந்தரை. நாலரை அங்குலச் சுவர். பழைய செங்கல் அந்த மூலையில் அடுக்கி வைத்திருக்கிறேன், எல்லாம் பொறுக்கிச் சுரண்டிச் சுத்தமாக. ஒரு மூட்டை சிமெண்ட்கூட வாங்கியாயிற்று. இன்றைக்கு ஏறின விலைதான், பரவாயில்லை. வாங்கிவிட்டேன். மணல் போதாது என்றால் நீ கொண்டுவா.

கூலி நீ சொல்வதுதான். எழுத வேண்டாம், பிரித்துச் சொல்ல வேண்டாம், எத்தனை கன அடி என்று நான் கேட்கப்போவதில்லை. இதோ பார், பணம் பையிலேயே இருக்கிறது. தளத்துக்கென்று எடுத்து வைத்தது. முழுசாக முன்பணமாக வாங்கிக்கொள். எண்ணக்கூட வேண்டாம். இன்றைக்குச் சாயந்திரம் அவள் இந்தப் பக்கம் வந்ததும் ஆரம்பித்தால் விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிடும்.

என்ன? அம்மா நடப்பதற்கு என்ன செய்வார்களா?

சிமெண்ட் இறங்கட்டும், தம்பி. இறங்கினதும் தளத்தைப் போட்டுவிடுவேன். நான்தானே முதலில் சொன்னேன்.

ஏன் எழுந்துவிட்டாய்? பணத்தை வாங்கு. குறைச்சல் என்றால் சொல். நான்தான் பேரம் பேசவில்லையே. உனக்கும் விலை சொல்லத் தெரியாதா? நீயும் செல்லச்சாமி ஆளா?

கேட்கிறதா? அவள்தான் கூப்பிடுகிறாள். "தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க, இங்க வந்து ஒரு வாய் காப்பி குடிங்க. அவுகளையும் கூட்டிட்டு வாங்க." அடுத்தவன் வீட்டுக் காப்பிக்கு இவள் ஆள் கூப்பிடுகிறாள். அந்தக் காப்பிப்பொடி என்ன விலை, பால் என்ன விலை என்று ஒருத்தருக்காவது தெரியுமா அங்கே? நான் வரவில்லை. நாய் நடந்த தளத்தில் நான் கால் வைக்க மாட்டேன் என்று சொல். வேண்டாம், ஒன்றும் சொல்ல வேண்டாம். நீயும் போகாதே.

தம்பி, அந்த வழியாகப் போகாதே. வாசல் இந்தப் பக்கம். தம்பி, உன்னைத்தான். வாசல் இந்தப் பக்கம்.